வினைவிளை காலமா, தேரா மன்னனா? சிலப்பதிகாரத்துப் பாண்டியனை எப்படி வாசிப்பது

நெடுங்கேணி மாணவி:
சிலப்பதிகாரத்தில ஒரு இடத்தில நிண்டுபோனன். பதிகம் மூண்டு விசயம் சொல்லுது. அரைசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் (எமனாகும்), உரைசால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். முதலாவதும் மூண்டாவதும் ஒண்டோடை ஒண்டு முட்டுது. கோவலன் செத்தது ஊழால் எண்டால் பாண்டியனில என்ன பிழை? பாண்டியன்தான் பிழை எண்டால் ஊழ் எதுக்கு? "பாண்டியன் பாத்திரப் படைப்பை மதிப்பிடுக" எண்டு கேட்டால் ரெண்டையும் எழுதிறன். எழுதி முடிச்சு வாசிச்சால் முதல் பந்தியை நாலாம் பந்தி வெட்டுது. எந்தக் காதைகளைத் திருப்பிப் படிக்கோணும்? எப்பிடி எழுதோணும்?

குளக்கட்டு:
நல்ல கேள்வி தங்கச்சி. பதிகத்தை விட்டிட்டு கொலைக்களக் காதைக்குப் போங்கோ, 16ஆவது. பொற்கொல்லன் வந்து கள்வன் அகப்பட்டான் எண்டு சொன்ன உடனை வாற வரிகள்:

"வினைவிளை காலம் ஆதலின் யாவதும்
சினையலர் வேம்பன் தேரான் ஆகி"

உங்கட ரெண்டு கட்சியும் ஒரே வசனத்துக்குள்ள இருக்கு. 'வினைவிளை காலம் ஆதலின்' ஊழ். 'வேம்பன்' எண்டது வேப்பம்பூ மாலை சூடிற பாண்டியன். 'தேரான் ஆகி' அரசன்ர பிழை. தேர்தல் எண்டால் ஆராய்தல். ரெண்டுக்கும் நடுவில 'யாவதும்' எண்ட சொல் கிடக்கு. கொஞ்சம்கூட ஆராயேல்லை எண்டு அர்த்தம். இளங்கோ ஒண்டைச் சொல்லி மற்றதை மன்னிக்கேல்லை, ரெண்டையும் அடுத்தடுத்து வைச்சிருக்கிறார்.

எங்கட பக்கத்தில விளங்கிற மாதிரிச் சொல்லுறதெண்டால், மாரி கொட்டிறது ஒருத்தற்றை கையிலயும் இல்லை. ஆனா குளக்கட்டில எலிவளை இருக்கோ, புத்து இருக்கோ, துருசுப் பலகை சரியோ எண்டு பாக்கவேண்டியவர் பாக்காமல் விட்டு அந்த மழைக்குக் கட்டு உடைச்சால், 'மழைதானே' எண்டு அவர் தப்ப ஏலாது. மழை வராட்டில் கட்டு உடைச்சிராது எண்டதும் உண்மை. ரெண்டும் உண்மை.

இனி 20ஆவது வழக்குரை காதையில கண்ணகி அரசனைக் கூப்பிட்ட முதற் சொல்லைப் பாருங்கோ: "தேரா மன்னா". கவி 16இல தன்ரை குரலில சொன்ன அதே சொல்லை 20இல கண்ணகி அரசன்ர முகத்துக்கு நேர சொல்லுறா. இந்த ரெண்டு இடத்தையும் ஒரு கோட்டால தொடுத்தால் உங்கட விடையில பாதி முடிஞ்சுது.

கிளிநொச்சி ரீச்சர்:
குளக்கட்டு காட்டிய இடம்தான் திறவுகோல். அதே காதையில் இன்னும் மூன்று நுணுக்கங்களைக் கவனியுங்கள். பெரும்பாலான விடைகளில் இவை விடுபடுகின்றன.

முதலாவது, அரசன் அப்போது எங்கே போய்க்கொண்டிருந்தான் என்பது. ஆடல் மகளிரின் ஆட்டத்தில் அரசன் மனம் போனதால் தேவி ஊடி, தலைநோய் என்று சாட்டுச் சொல்லி எழுந்து போகிறாள். "மந்திரச் சுற்றம் நீங்கி" அரசன் அவளுடைய மாளிகையை நோக்கி நடக்கிறான். தீர்ப்பு அவையில் சொல்லப்படவில்லை. அமைச்சர் ஒருவரும் பக்கத்தில் இல்லை. ஊடல் தீர்க்கப் போகும் கணவன் வழியில் நின்று சொன்ன சொல் அது. வாயிலில் வந்து பணிகிறவனோ தேவியின் சிலம்பைத் தானே எடுத்து வைத்திருக்கும் பொற்கொல்லன்.

இரண்டாவது, ஆணையின் வாக்கிய அமைப்பு. "தாழ்பூங் கோதை தன்காற் சிலம்பு, கன்றிய கள்வன் கையது ஆகில், கொன்று அச் சிலம்பு கொணர்க ஈங்கு." இங்கே முற்றுவினை 'கொணர்க'. கொண்டுவரச் சொன்னது சிலம்பை. மனிதன் 'கொன்று' என்ற எச்சத்துக்குள் முடிந்து போகிறான். அரசனின் மனம் எதில் நின்றது என்பதை இலக்கணமே சொல்கிறது. மேற்கோளை முழுதாக எழுதிவிட்டு அடுத்த பந்திக்குத் தாவ வேண்டாம். இந்த ஒரு எச்சத்தை விளக்கினாலே உங்கள் வாசிப்பு நுணுக்கமானது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, 'ஆகில்'. அரசன் நிபந்தனை வைத்தான், ஆகவே ஆராய்ந்தான் என்று சிலர் வாதிடலாம். அந்த நிபந்தனையைச் சரிபார்க்க அனுப்பப்பட்டவர்களுக்கு வழிகாட்டியாய்ப் போனவன் யார்? குற்றம் சாட்டியவனே! சிலம்பு அதுதானா என்று பார்த்துச் சொல்பவனும் அவனே. நிபந்தனை இருக்கிறது, அதைச் சோதிக்க நடுநிலையான ஒருவர் இல்லை.

பாலியாறு:
எனக்கு ஒரு எதிர்வாதம் உண்டு. அரசனையே முழுக்கப் பிடித்துக்கொண்டால் கொலைக்களத்தில் நின்ற மற்றவர்களை மறந்துவிடுகிறோம். காவலர் கோவலனைப் பார்த்ததும், இவன் இலக்கணம் அமைந்தவன், கொலைப்படும் மகன் அல்லன் என்றுதான் சொல்கிறார்கள். அதாவது அவர்கள் ஓரளவு தேர்கிறார்கள். உடனே பொற்கொல்லன் கள்வரின் எட்டுத் துணைகளை அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. நல்ல தோற்றம் உடையவனைப் பற்றிய ஐயத்தை அந்தத் தோற்றத்தைக் கொண்டே வளர்க்கிறான். காவலர் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கும்போது "கல்லாக் களிமகன் ஒருவன்" கையிலிருந்த வாளை எறிகிறான். அவனுக்கு இளங்கோ பெயர் கொடுக்கவில்லை. கல்லாதவன், கள்ளுண்டவன், அவ்வளவுதான்.

ஆகவே பழி நான்கு இடங்களில் இருக்கிறது: சொன்னவன், நம்பியவன், தயங்கியும் தடுக்காதவர்கள், எறிந்தவன். அரசன் ஒருவனுக்கு மட்டும் 'கூற்று' வந்தது ஏன் என்பதுதான் என் கேள்வி.

குளக்கட்டு:
பாலியாறு தம்பி, அதுக்கு விடை அரசன்ர வாயிலயே இருக்கு. "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன்? யானே கள்வன்." பொற்கொல்லன் பொய் சொன்னான் எண்டு அவன் பழியைத் தள்ளேல்லை. 'கேட்ட' எண்ட சொல்லில தன்ரை குற்றத்தை வைக்கிறான். சொன்னவனுக்கு ஒரு பிழை, கேட்டவனுக்கு வேற பிழை. காவலரும் களிமகனும் ஆணைக்குக் கீழ நிண்டவை. ஆணை எங்க பிறந்துதோ அங்கதான் 'கூற்று' வந்தது. பதிகம் 'பிழைத்தோர்க்கு' எண்டு பொதுவாச் சொல்லாமல் 'அரைசியல் பிழைத்தோர்க்கு' எண்டுதானே சொல்லுது.

'கள்வன்' எண்ட சொல்லையும் விடாதையுங்கோ. கோவலனுக்கு வைச்ச பேர் கள்வன். "காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்" எண்டு துன்ப மாலையில கண்ணகி சூரியனைக் கேக்கிறா. வழக்குரையில அரசன் "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று" எண்டு வாதாடுறான். கடைசியில "யானே கள்வன்". கோவலன்ர தலையில வைச்ச சொல்லை அரசன் எடுத்துத் தன்ரை தலையில வைச்சுக்கொண்டுதான் விழுறான்.

நெடுங்கேணி மாணவி:
நன்றி அண்ணை, ரீச்சர். இன்னும் ஒண்டு. வழக்குரையில சிலம்பை உடைக்கிற இடத்தில எல்லாரும் கண்ணகியின்ர வீரத்தைத்தான் எழுதுகினம். அதைப் பாண்டியன் பக்கமா எப்பிடி எழுதிறது?

கிளிநொச்சி ரீச்சர்:
அங்கே நடப்பதை மெதுவாக வாசியுங்கள். கண்ணகி தன் சிலம்பின் பரல் மணி என்கிறாள். அரசன் "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்று உடனே பதில் சொல்கிறான். தயக்கம் இல்லை, பொய்யும் இல்லை. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து தன் முன்னே தானே வைக்கிறான். கண்ணகி உடைக்கிறாள், "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே".

இரண்டு சிலம்புக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியவில்லை. உள்ளே இருந்த பரல்தான் வேறு. அதை அறிய ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை ஆணையிடும்போது செலவழிக்கவில்லை, மனிதன் செத்த பிறகு செலவழிக்கிறான். மணி எங்கே தெறிக்கிறது என்பதையும் பாருங்கள். 'கொன்று கொணர்க' என்று சொன்ன வாயில். இதை விடையில் இரண்டு வசனத்தில் எழுதலாம்.

அதோடு அவனுடைய நேர்மையையும் எழுதுங்கள். ஆதாரம் முன்னே வந்ததும் அவன் வாதத்தை நீட்டவில்லை. "கெடுக என் ஆயுள்" என்று விழுகிறான். தேராமல் ஆணையிட்டவனும் தேர்ந்த கணத்திலேயே உயிர் விட்டவனும் ஒருவனே. அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் பாத்திரத்தை மதிப்பிடுவது. நல்லவனா கெட்டவனா என்று தராசில் போடுவது மதிப்பீடு ஆகாது.

கற்சிலைமடு:
உரை பாக்கிறவைக்கு ஒரு குறிப்பு. அடியார்க்குநல்லார் உரை கானல் வரி நீங்கலாக ஊர்சூழ் வரி வரைக்கும்தான் கிடைக்குது. 20ஆவது வழக்குரைக்கு அது இல்லை. அரும்பதவுரை சுருக்கம், சொல்லுக்குச் சொல் மட்டும். அதனால வழக்குரைக்கு வேங்கடசாமி நாட்டார் உரையைப் பக்கத்தில வைச்சு வாசியுங்கோ. உ.வே.சா. 1892இல பதிப்பிச்ச பிறகு வந்த நல்ல பதிப்புகள் எல்லாத்திலயும் காதைக்கு உள்ளே வரி எண் இருக்கும். குறிப்பு எடுக்கேக்க காதைப் பேரும் வரி எண்ணும் பக்கத்தில எழுதாட்டில், சோதனைக்கு முதல் கிழமை ஒரு மேற்கோளைத் தேடி முழு மதுரைக் காண்டத்தையும் புரட்டவேண்டி வரும். மதுரைக் காண்டம் மட்டும் 13 காதை.

பாலியாறு:
ஊழைப் பற்றி இன்னும் முடியவில்லை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் முற்பிறப்பைச் சொல்கிறது. சிங்கபுரத்தில் நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, அரச பணியில் இருந்த பரதன் என்பவன் 'ஒற்றன்' என்று பிடித்துக் கொல்விக்கிறான். சங்கமனின் மனைவி நீலி 14 நாள் புலம்பித் திரிந்து, மலையேறி விழுந்து சாகும்போது சாபமிடுகிறாள். அந்தப் பரதன்தான் கோவலன். பலரும் இதைக் கதையைக் கட்ட ஒட்டவைத்த ஒட்டு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நானும் இதை நல்ல பகுதி என்று நினைக்கவில்லை. கோவலனுடைய சாவின் கனத்தை இது குறைக்கிறது.

குளக்கட்டு:
இல்லைத் தம்பி, அந்த ஒட்டை ஒருக்கா உரிச்சுப் பாருங்கோ. முற்பிறப்புக் குற்றம் என்ன? களவோ, பிறன்மனையோ, கொலையோ எண்டு ஆயிரம் இருக்க, இளங்கோ தெரிஞ்செடுத்தது ஆராயாத குற்றச்சாட்டு. நகையோட வந்த அந்நியனைப் பிடிச்சு அரசனிட்டை காட்டிக் கொல்லுவிக்கிறது. இந்தப் பிறப்பில பொற்கொல்லன் செய்ததும் வரிக்கு வரி அதுதான். அப்ப பொற்கொல்லன்ர இடத்தில நிண்டவன் கோவலன், இப்ப சங்கமன்ர இடத்தில நிக்கிறவனும் அவனே. நீலி 14 நாள். கண்ணகியும் வைகைக் கரையால நடந்து நெடுவேள் குன்றம் ஏறி 14ஆம் நாள்தான் வேங்கை நிழலில கணவனைச் சேருறா.

அதால இந்தக் காப்பியத்தில ஊழ் எண்டது ஆராய்ச்சி இல்லாத தீர்ப்புக்கு எதிரான வாதத்தை இன்னொருக்கா, ரெண்டாம் முறை சொல்லுறது. முதலாம் பொருளும் மூண்டாம் பொருளும் முட்டேல்லை. ஒண்டு மற்றதுக்குள்ள இருக்கு.

கிளிநொச்சி ரீச்சர்:
இதற்கு இன்னொரு சான்றையும் சேர்க்கலாம். அதே கட்டுரை காதையில் மதுராபதி வார்த்திகன் கதையையும் சொல்கிறது. அரச ஏவலர் ஒரு பார்ப்பனனைப் பொருள் கவர்ந்தவன் என்று பிழையாகச் சிறையில் இடுகிறார்கள். கொற்றவையான ஐயையின் கோயில் கதவு திறக்கவில்லை. அதைக் கேட்ட பாண்டியன், என் ஆட்சியில் கொடுங்கோல் நடந்ததோ என்று விசாரிக்கிறான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, தங்காலும் வயலூரும் கொடுத்து, நிலத்தில் விழுந்து வணங்குகிறான். அதே குலம், அதே வகைப் பிழை. அங்கே ஒரு கதவு மூடிய உடனேயே அரசன் ஏன் என்று கேட்கிறான், இங்கே நெடுஞ்செழியன் கேட்கவில்லை. இளங்கோ ஒப்பீட்டைத் தானே தந்திருக்கிறார். வெளியிலிருந்து ஒப்பீடு தேட வேண்டாம்.

நந்திக்கடல்:
எல்லாரும் மதுரையோட நிக்கிறியள். வஞ்சிக் காண்டத்தையும் பாருங்கோ, பாண்டியன்ர மேல அங்க ரெண்டு தீர்ப்பு இருக்கு. காட்சிக் காதையில சாத்தனார் சொல்லக் கேட்ட சேர அரசன் செங்குட்டுவன், "வல்வினை வளைத்த கோலை மன்னவன் செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோல் ஆக்கியது" எண்டு சொல்லுறான். வளைச்சது வல்வினை, நிமித்தினது அவன்ரை உயிர். இன்னொரு அரசன் சொல்லுற சொல் எண்டதால அதை அந்த அளவில எடுக்கோணும்.

மற்றது வாழ்த்துக் காதையில தெய்வமாய்த் தோன்றின கண்ணகி சொல்லுறது: "தென்னவன் தீதிலன், தேவர்கோன் தன்கோயில் நல்விருந்து ஆயினான், நான் அவன்தன் மகள்." 'தேரா மன்னா' எண்டு சொன்ன அதே வாய்!

அந்தக் கடைசிச் சொல்லை எங்கட பக்கத்து மரபோட வைச்சுப் பாக்கோணும். வன்னியில வழங்கிற சிலம்பு கூறல், யாழ்ப்பாணத்துக் கோவலனார் கதை, மட்டக்களப்புக் கண்ணகி வழக்குரை எல்லாம் ஒரே கதைமரபு. அதில கண்ணகி மாங்கனியில பிறந்தவா, பாண்டியன்ர மாளிகையில இருந்து பேழையில வைச்சுக் கடலில விடப்பட்டவா. சிலம்புக்கு நாகமணி எடுக்க மீகாமன் கடலோடிப் போய் வெடியரசனோட பொருதுறான். இளங்கோவில இது ஒண்டும் இல்லை. ஆனா காப்பியத்தில முடிவில ஒரு வரியில வாற 'அவன்தன் மகள்' எண்ட உறவு, கோயிலில படிக்கிற கதையில தொடக்கத்திலயே வந்திட்டுது. அங்க பாண்டியனை அழிக்க வந்தவளும் மகள்தான்.

கிளிநொச்சி ரீச்சர்:
நந்திக்கடல் சொன்னது அருமை. மாணவருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சிலப்பதிகாரப் பாத்திரத்தைக் கேட்ட வினாவுக்கு மாங்கனியையும் வெடியரசனையும் எழுதினால் அது பிழை. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே கதையாக மனதில் பதிந்திருக்கும், கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இன்னும் அதிகம். மதுரையை எரித்த பின் ஈழத்துக்கு வந்தது காப்பியத்தில் இல்லை. காப்பியத்தில் இலங்கை வருவது கயவாகு வேந்தன் பெயரோடு, உரைபெறு கட்டுரையிலும் வரந்தரு காதையிலும். வாய்மொழி மரபைத் தனி வினாவாகக் கேட்டால் மட்டும் எழுதுங்கள்.

நந்திக்கடல்:
சரி ரீச்சர், பிரிச்சுத்தான் எழுதோணும். ஆனா பிரிச்சு எழுதத் தெரிஞ்சவைக்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கு. வற்றாப்பளை ஐதீகத்தில கண்ணகி ஒரு ஆச்சியா நந்திக்கடல் கரையில மாடு மேய்க்கிற பெடியளிட்டை வாறா. பசிக்குது எண்டு பொங்கல் கேக்கிறா. விளக்குக்கு எண்ணெய் இல்லை எண்ட, கடல் தண்ணியை விட்டுக் கொளுத்தச் சொல்லுறா. தலையைப் பாக்கச் சொல்ல, பெடியள் மயிரைப் பிரிச்சால் தலை முழுக்கக் கண். வைகாசியில இண்டைக்கும் தீர்த்தமெடுத்து உப்புநீரில விளக்கு எரிக்கிறது அதுக்குத்தான். காப்பியத்தில அவவின்ரை நெருப்பு ஊரை எரிச்சது, இங்க அவவின்ரை நெருப்பு உப்புத்தண்ணியில ஒரு விளக்காய் நிக்குது. சினம் ஆறின கண்ணகியை மக்கள் எப்பிடிக் கற்பனை பண்ணினவை எண்ட கேள்விக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

பாலியாறு:
சினம் ஆறியதைப் பற்றிச் சொன்னீர்கள். காப்பியத்தில் அந்தச் சினம் எப்போது தொடங்குகிறது? "அமைதியான கண்ணகி திடீரெனப் பொங்கினாள்" என்று எழுதுவதை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். நான் அதை ஏற்கவில்லை.

கண்ணகி எத்தனை இடத்தில் பேசுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். மனையறம் படுத்த காதையில் கோவலன் "மாசறு பொன்னே வலம்புரி முத்தே" என்று பாடும்போது அவளுக்குப் பேச்சு இல்லை. அவள் குரல் கேட்பது 9ஆவது கனாத்திறம் உரைத்த காதையில். சோமகுண்டம், சூரியகுண்டம் துறை மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் வருவான் என்று தோழி தேவந்தி சொல்ல, கண்ணகியின் விடை ஒரே சொல்: "பீடன்று". பெருமை அல்ல. அடுத்து, குலப்பொருளைத் தொலைத்து நாணி நிற்கும் கோவலனுக்கு, "சிலம்புள கொண்ம்". பிறகு கொலைக்களக் காதையில், அவனுக்குச் சோறிட்ட பிறகு, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். பின்னர்தான் "தேரா மன்னா". பீடன்று என்று தெய்வ வழிபாட்டையே மறுத்தவள் அரசனை மறுப்பதில் என்ன திடீர் இருக்கிறது?

குளக்கட்டு:
அதில ஒரு இடத்தில உங்களோட நான் ஒத்துப்போகேல்லை. "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" சினம் இல்லை. அது வந்த சந்தர்ப்பத்தைப் பாருங்கோ. அடைக்கலம் குடுத்த இடைச்சி மாதரி வீட்டில, அவவின்ர மகள் ஐயை உதவி செய்யக் கண்ணகி சமைச்சு, பனையோலைத் தவிசில இருத்தி, வாழைக் குருத்தில சோறு போட்டிருக்கிறா. கோவலன் "எழுக என எழுந்தாய், என் செய்தனை" எண்டு உருகிக் கேக்கிறான். அதுக்குச் சொன்ன மறுமொழி அது. அதுக்கு முதல் அவ இழந்ததா அடுக்கிறது என்ன? அறவோர்க்கு அளித்தல், அந்தணர் ஓம்பல், துறவோர்க்கு எதிர்தல், விருந்து எதிர்கொள்ளல். அந்த அடுக்கில கணவனை இழந்தது இல்லை, இல்லறக் கடமையை இழந்ததுதான் இருக்கு. அதனால அந்தச் சொல் ஒரு கணக்குச் சொல்லுற சொல், கோவம் இல்லை.

பாலியாறு:
ஏற்கிறேன். சினம் என்று எழுதினால் பிழை. ஆனால் கோடு தொடர்கிறது என்பதில் நிற்கிறேன். மூன்று இடத்திலும் அவள் பிழையைப் பிழை என்று பெயர் சொல்கிறாள், சுருக்கமாக, மற்றவர் முகத்துக்கு நேரே. மாறுவது எதிரே நிற்கும் ஆள். தோழி, கணவன், அரசன். ஒவ்வொரு முறையும் எதிரே நிற்பவர் ஒரு படி உயர்ந்தவர்.

கற்சிலைமடு:
இந்த ரெண்டு பேற்றை வாதமும் சேர்ந்தால் அப்பிடியே ஒரு விடைத்தாள். இதோட மாதவியையும் ஒருக்காத் தொட்டுவிடுறன், ஏனெண்டால் அவவைச் சூழ்ச்சிக்காரி எண்டு எழுதிற பழக்கம் இன்னும் போகேல்லை. கானல் வரியில கோவலன் அவவை "மாயத்தாள்" எண்டு நினைச்சு எழும்பிப் போறான். வேனிற் காதையில வந்த முதற் கடிதத்தை வாங்க மறுக்கிறான். புறஞ்சேரி இறுத்த காதையில கோசிகமாணி கொண்டுவந்த ரெண்டாம் கடிதத்தைப் படிச்சு, தீது அவளில இல்லை, தன்னில எண்டு உணருறான். அதே கடிதத்தைத் தன்ரை தாய் தேப்பனுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்து விடுறான். 'அடிகள்', 'குரவர் பணி', 'என் பிழைப்பு அறியாது' எண்ட சொற்கள் மகன் பெற்றோருக்கு எழுதினதாயும் அப்பிடியே பொருந்துது. மாதவியைத் தீர்ப்பிட வேண்டிய ஆள் கோவலன், அவனே தீர்ப்பை மாத்தி எழுதிப்போட்டான். பிறகு நாங்கள் ஏன் பழைய தீர்ப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும்?

நந்திக்கடல்:
ஒண்டை மறைக்காமல் எழுதோணும். பாண்டியனுக்கு அறம் கூற்றாச்சு எண்டு முடிச்சால் கதை சுத்தமாய் முடிஞ்ச மாதிரி இருக்கும். உரைபெறு கட்டுரையைப் பாருங்கோ. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் 1000 பொற்கொல்லரைப் பலி கொடுத்துச் சாந்தி செய்யிறான். பிறகு மழை பெய்யுது, நோய் நீங்குது. நீர்ப்படைக் காதையிலயும் இந்தச் செய்தி வருது. ஒரு பொற்கொல்லன்ர பொய்க்கு ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தில ஆர் தேர்ந்தது? கண்ணகி தீயிட்டை, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவியை விட்டிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர் எண்டு சொன்னவா. எரியிற நெருப்புக்கே தேர்ந்து எரி எண்டு சொன்னவவின்ர பேரில, அடுத்த பாண்டியன் தேராமல் வெட்டுறான். கவி அதுக்கு ஒரு சொல்லும் விமர்சனமாய்ச் சொல்லேல்லை. அதைக் கடந்து போகாமல் எழுதிற விடைதான் நேர்மையான விடை.

கிளிநொச்சி ரீச்சர்:
ஆம். உயர்தரத்துக்கு அந்த ஒரு பந்தி போதும், அதை மறுப்பாக வையுங்கள். முடிவுரையில் அல்ல, நடுவில்.

விடையைக் கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பாத்திர வினாவுக்கு முதலில் ஒரு தாளில் கோடு கீறி, அந்தப் பாத்திரத்தைப் பற்றி யார், எந்தக் காதையில், யாரிடம் சொன்னார் என்று எழுதுங்கள். பாண்டியனுக்கு ஐந்து குரல் வரும்: 16இல் கவி, 20இல் கண்ணகி, அதே 20இல் அவனே, 25இல் செங்குட்டுவன், 29இல் தெய்வக் கண்ணகி. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இடம்தான் உங்கள் விடை. ஒரு பந்திக்கு ஒரு மேற்கோள், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அந்த மேற்கோளில் ஒரு சொல்லை எடுத்து அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். கதைச் சுருக்கத்துக்கு இரண்டு வசனம் தாண்டக் கூடாது. பக்கம் பக்கமாகக் கதை எழுதிவிட்டு 'இவ்வாறாகப் பாண்டியன் சிறந்து விளங்குகிறான்' என்று முடிப்பதுதான் புள்ளி கரையும் இடம்.

நெடுங்கேணி மாணவி:
எழுதிப் பாத்தன் ரீச்சர். முதல் பந்தி இது. பிழை இருந்தால் சொல்லுங்கோ:

"பாண்டியன் நெடுஞ்செழியனின் வீழ்ச்சியை இளங்கோ ஒரே வசனத்தில் இரண்டு காரணங்களால் குறிக்கிறார். வழக்குரை காதையில் 'வினைவிளை காலம் ஆதலின்' என்று விதியையும் 'தேரான் ஆகி' என்று அரசனின் தவறையும் அடுத்தடுத்து வைக்கிறார். அரசனின் ஆணையில் முற்றுவினை 'கொணர்க' என்பதே. கொண்டுவரச் சொன்னது சிலம்பை. மனித உயிர் 'கொன்று' என்ற எச்சத்துள் அடங்கிவிடுகிறது. பின்னர் கண்ணகி 'தேரா மன்னா' என்று விளிக்கும்போது, கவிஞர் கூறிய அதே குற்றச்சாட்டையே அரசன் முன் வைக்கிறாள்."

கிளிநொச்சி ரீச்சர்:
நல்ல பந்தி பிள்ளை. இரண்டு இடம் திருத்துங்கள். 'தேரான் ஆகி' வருவது வழக்குரையில் அல்ல, கொலைக்களக் காதையில். காதைப் பெயர் மாறினால் உங்கள் வாதமே நிற்காது, ஏனென்றால் 16இலிருந்து 20க்கு அந்தச் சொல் பயணிக்கிறது என்பதுதான் வாதம். அடுத்தது 'விதி'. இளங்கோ சொன்னது 'வினை'. விதி வெளியிலிருந்து ஒருவர் எழுதியது, வினை தான் செய்தது. பரதன் கதையை மூன்றாம் பந்தியில் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் இங்கேயே 'வினை' என்று எழுதி வையுங்கள்.

குளக்கட்டு:
அந்த ரெண்டையும் மாத்திப்போட்டு மற்றதில கை வைக்காதையுங்கோ தங்கச்சி. 'எச்சத்துள் அடங்கிவிடுகிறது' எண்ட வசனம் அப்பிடியே இருக்கட்டும். ரெண்டாம் பந்தியை மணி தெறிச்ச இடத்தில இருந்து தொடங்குங்கோ.